லூபெக் மரியன்னை ஆலயம்: வெள்ளையடித்த சுவரும் கள்ள ஓவியமும்

பழைய கட்டடத்தில் திருப்பணி என்று கமிட்டி கூடினாலே, "சுவரைச் சுரண்டிப் புதுசாக்கிடலாமா சார்?" என்று ஒருவர் கேட்பார். பழுதுபார்ப்பதே என் தொழில். அவர்களுக்கு ஜெர்மனியின் லூபெக் நகரத்து மரியன்னை ஆலயத்தின் கதையைச் சொல்வேன்.

ஏறத்தாழ 1250 முதல் 1350 வரை அந்நகர வணிகர்கள் எழுப்பியது. பிரான்சில் கல்லில் எழுந்த பாணியை, கட்டடக் கல் கிடைக்காத பால்டிக் கரையில் செங்கல்லிலேயே கட்டிக் காட்டினார்கள். நடுக்கூடத்தின் வளைகூரை 38.5 மீட்டர், செங்கல் வளைகூரைகளில் உலகிலேயே உயரமானது. கோபுரங்கள் சுமார் 125 மீட்டர். ஆயரின் பேராலயத்தை மிஞ்ச வேண்டும் என்ற வீம்பும் அதில் உண்டு.

1942 மார்ச் 28, குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய இரவு, பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டன. கூரை எரிந்தது. தெற்குக் கோபுரத்து மணிகள் விழுந்து நொறுங்கின. அவற்றை இன்றும் விழுந்த இடத்திலேயே விட்டிருக்கிறார்கள். சூட்டில் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தபோது, அடியில் இடைக்கால ஓவியங்கள் தெரிந்தன. மறைத்த வெள்ளையேதான் அத்தனை காலம் அவற்றைக் காத்தும் இருக்கிறது!

1948இல் சீரமைப்பு டீட்ரிஷ் ஃபையிடம் போனது. அவரிடம் வேலைசெய்த லோத்தர் மால்ஸ்காட், நடுக்கூடத்தில் மங்கிய உருவங்கள்மேல் தாராளமாகத் தீட்டினார். பீடப் பகுதியில் மிஞ்சியது சொற்பம். அங்கே புனிதர்களைத் தாமே வரைந்துவிட்டார். 1951இல் 700ஆம் ஆண்டு விழா, தபால்தலை, ஏகப்பட்ட பாராட்டு. மறு ஆண்டு மால்ஸ்காட்டே "வரைந்தது நான்தான்" என்றார். முதலில் யாரும் நம்பவில்லை. 1955இல் இருவருக்கும் சிறைத்தண்டனை. பீடப் பகுதி ஓவியங்களை அப்புறம் அழித்தார்கள். நடுக்கூடத்தில்தான் சிக்கல்: பழைய கோடும் அவர் கோடும் கலந்து கிடக்கின்றன.

அதனால் நான் கேட்பது இதுதான். தூரிகை படும் முன், அளவுகோல் வைத்து ஒவ்வொரு சதுர அடியையும் படமெடுங்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்தும் ஒரு படம். மேல்பூச்சின் விளிம்பு அதில் மேடாகத் தெரியும். விட்டுப்போன இடத்தை நிரப்பியே ஆக வேண்டுமானால் மெல்லிய நேர்கோடுகளாகத் தீட்டச் சொல்லுங்கள். தள்ளி நின்றால் படம் முழுசாகத் தெரியும், கிட்டே போனால் எது புதுசு என்று பிடிபடும். படங்கள் கைக்கு வராமல் காண்ட்ராக்டருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.