துணி காயாத ஈரத்தில் சூடம் கரைவது எப்படி?

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "மழை மாதங்களில் மூங்கில் கழியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காய்வதில்லை. ஆனால் தேக்கா கடைகளில் வாங்கிச் சாமி மேடையில் வைத்த சூடம் மட்டும் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே போகிறது. ஈரக்காற்றுதான் அதை அரிக்கிறதா?" துணியையும் சூடத்தையும் அவர் அருகருகே வைத்துப் பார்த்ததிலேயே பாதி விடை இருக்கிறது.

திடப்பொருள் திரவமாகாமல் நேரே ஆவியாவதைப் பதங்கமாதல் என்று பள்ளியில் படித்திருப்போம். சூடம் சிறுப்பதும் அப்படித்தான். சூடம் உருகுவதற்கு ஏறத்தாழ 175 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும் என்பதால், 30 டிகிரியில் இருக்கும் நம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடுகளில் அது உருகிக் கசிய வாய்ப்பே இல்லை.

அவ்வளவு எளிதில் உருகாத ஒன்று இவ்வளவு எளிதில் ஆவியாவதற்குக் காரணம், அதன் மூலக்கூறின் வடிவம். பத்துக் கரிம அணுக்களும் பதினாறு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்து கிட்டத்தட்ட உருண்டையாகத் திரண்டிருப்பதால், சர்க்கரை மூலக்கூறுகளைப் போல ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ள அவற்றுக்குப் பிடிமானம் குறைவு. கட்டிக்குள் ஒவ்வொரு மூலக்கூறும் தன் இடத்தை விட்டு நகராமல், ஆனால் நின்ற இடத்திலேயே சுழன்றுகொண்டிருக்கிறது. திடப்பொருள் என்றாலே உள்ளே அசைவற்ற ஒழுங்கு என்று எண்ணிப் பழகிய எனக்கு, இதை முதன்முதலில் படித்த நாளின் வியப்பு இன்னும் தீரவில்லை. பெல்ஜிய வேதியியலாளர் டிம்மர்மன்ஸ் 1938இல் இத்தகைய பொருள்களை நெகிழ்படிகங்கள் எனத் தனி வகையாகப் பிரித்தார். தூய சூடத்தை உரலில் இட்டு இடித்தால், உப்பைப் போலப் பொடியாகாமல் மெழுகு போல அப்பிக்கொள்வதும் இந்த நெகிழ்வினால்தான். சுழலும் உரிமை திடநிலையிலேயே கிடைத்துவிட்டதால், உருகுவதால் அம்மூலக்கூறுகளுக்குப் புதிதாகக் கிடைப்பது சொற்பமே. ஆகவே சூடம் உயர்ந்த வெப்பநிலை வரை திடமாகவே தாக்குப்பிடித்து, உருகிய பிறகு ஏறக்குறைய 30 டிகிரிக்குள் கொதித்தும் விடுகிறது.

இனி ஈரத்துக்கு வருவோம். சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும். துணியிலிருந்து நீர் மூலக்கூறுகள் வெளியேறும் அதே நேரத்தில், காற்றில் நிறைந்திருக்கும் நீர் மூலக்கூறுகளும் துணியில் வந்து மோதி ஒட்டிக்கொள்கின்றன; போவதற்கும் வருவதற்கும் உள்ள சிறு வேறுபாடே துணி காயும் வேகம். ஆனால் ஒரு கலவையில் உள்ள ஒவ்வொரு வாயுவும் தான் மட்டும் இருப்பது போலவே நடந்துகொள்ளும் என்று ஜான் டால்டன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டினார். காற்றில் நீராவி எவ்வளவு நிறைந்திருந்தாலும் சூட ஆவி அநேகமாக இல்லை. ஆகவே கட்டியை விட்டுப் போன மூலக்கூறுக்கு ஈடாகத் திரும்பி வர எதுவும் இல்லை. ஈரம் சூடத்தை அரிக்கவுமில்லை, காக்கவுமில்லை. வெப்பமும் காற்றோட்டமுமே அதைக் கரைக்கின்றன. மேலே சுழலும் மின்விசிறி, வெளியேறிய ஆவியை உடனுக்குடன் அள்ளிச் சென்றுவிடுகிறது.

மூடியை இறுக்கினால் கதை மாறும். புட்டிக்குள் ஆவி சேரச் சேர, வெளியேறும் அளவும் திரும்பும் அளவும் சமமாகி, கட்டி அப்படியே நிற்கும். குளிர்சாதன அறையில் வைத்த கண்ணாடிப் புட்டியைக் கூர்ந்து பார்த்தால், சில்லிட்ட பக்கத்தின் உட்சுவரில் ஊசி முனையளவு மின்னும் படிகங்கள் தெரியும். ஆவியாகிப் போன சூடம் அங்கே திரவமாகாமல் மீண்டும் திடமாகியிருக்கிறது.

சூடம் கரையாமலிருக்க நான்கு மிளகு போட்டு வைப்பது நம் வீடுகளில் பரவலான வழக்கம். காப்பது மிளகன்று, மிளகு போட்டபின் நாம் மறவாமல் இறுக்கும் மூடியே என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் என் சொல்லை நம்ப வேண்டியதில்லை. ஒரே அளவான இரண்டு புட்டிகளில் ஒன்றில் மட்டும் மிளகு போட்டு, இரண்டையும் இறுக மூடி, ஒரு மாதம் கழித்துச் சூடத்தை மட்டும் சமையல் தராசில் நிறுத்துப் பார்க்கும்படி வாசகியின் பேரப்பிள்ளைகளைக் கேட்டுக்கொள்கிறேன்.