‘நபர் மையப்படுத்தப்பட்ட பராமரிப்பு’ வேண்டாம்

பயிற்சிக் கையேடு, மருத்துவமனைச் சுவரொட்டி, செவிலியர் தினக் கட்டுரை என்று எதை எடுத்தாலும் ‘நபர் மையப்படுத்தப்பட்ட பராமரிப்பு’ வந்து நிற்கிறது. ‘பெர்சன் சென்டர்டு கேர்’ என்பதற்கு இதுதான் தமிழ் என்று முடிவே கட்டிவிட்டார்கள். எனக்கு இது கொஞ்சமும் ஒப்பவில்லை.

முதலில் பொருள். நோயை மட்டும் பார்க்காமல், நோய்வாய்ப்பட்டவரின் பழக்கம், விருப்பம், பயம் எல்லாம் தெரிந்துகொண்டு, அவரையும் கேட்டு முடிவெடுத்துக் கவனிப்பது. உளவியலர் கார்ல் ரோஜர்ஸ் வழியாக வந்த பெயர் இது. உதவி நாடி வருபவரை 1951-இல் ‘கிளையன்ட்’ என்று எழுதியவர், பிறகு ‘பெர்சன்’ என்று மாற்றிக்கொண்டார். பிரிட்டனில் டாம் கிட்வுட் அதை டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்தவர்களைக் கவனிக்கும் முறைக்குக் கொண்டுவந்தார். அவருடைய நூல் 1997-இல் வந்தது. 2006-இல் செவிலியியல் ஆய்வாளர்கள் மெக்கார்மாக், மெக்கான்ஸ் இருவரும் செவிலியப் பணிக்கென்றே ஒரு சட்டகம் வகுத்தார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

இனி ‘நபர்’. அரபியிலிருந்து வந்த சொல். பிறமொழிச் சொல் என்பதற்காக நான் எதிர்க்கவில்லை. வார்டில் ‘சிஸ்டர்’, ‘டிரிப்ஸ்’ எல்லாம் நம் சொற்கள்தான். என் சிக்கல் வேறு. ‘அடையாளம் தெரியாத நபர்’, ‘மர்ம நபர்’, ‘ஒரு நபர் குழு’, ‘நபர் ஒன்றுக்கு ஐந்து கிலோ’ என்று பேரும் முகமும் தேவைப்படாத இடத்தில்தான் தமிழில் நபர் வருகிறார். தலைகளை எண்ணுவதற்கான சொல் அது. “பன்னிரண்டாம் பெட்டுக்கு டிரிப்ஸ் மாத்துங்க” என்ற பேச்சில் மனிதர் காணாமல் போகிறாரே, அதைத் தடுக்கத்தான் இந்தக் கோட்பாடே பிறந்தது. ஆள் என்ற மதிப்பு மற்றவர்கள் உறவின் வழியே ஒருவருக்குத் தருவது என்பது கிட்வுட்டின் வாதம். அந்த மதிப்பை ‘நபர்’ எப்படித் தரும்?

‘மையப்படுத்தப்பட்ட’ இன்னும் மோசம். அதிகாரம் ஒரே இடத்தில் குவிவதற்குத்தான் தமிழில் அந்தச் சொல் பழகியிருக்கிறது. போதாததற்கு ‘படுத்தப்பட்ட’ என்ற வால் வேறு. அப்புறம் ‘பராமரிப்பு’. வடமொழியில் எண்ணிப்பார்த்தல் என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். இன்று சாலைப் பராமரிப்பு, லிப்ட் பராமரிப்பு, ‘பராமரிப்புப் பணிக்காக மின்தடை’ என்றுதான் காதில் விழுகிறது. ‘நோயாளி மையப் பராமரிப்பு’ என்று எழுதுவோரும் உண்டு. மனிதரை நோயாளியாக மட்டும் பார்க்காதே என்ற கோட்பாட்டுக்கு நோயாளி என்றே பெயர் வைப்பது எப்படிச் சரியாகும்?

நான் சொல்வது ‘ஆளறிந்து பேணல்’. ‘தந்தை தாய்ப் பேண்’ என்ற ஆத்திசூடியில் கவனிப்பும் மதிப்பும் ஒரே சொல்லில் இருக்கின்றன. ‘ஆள்’ மரியாதைக் குறைவு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஒருவர் தோற்றமோ குணமோ மாறினால் ‘ஆளே மாறிட்டார்’ என்கிறோம். அங்கே ‘ஆள்’ என்பது அவர் மொத்தமும்தான். ‘ஆள் பார்த்துக் கவனிப்பது’ பாரபட்சம் ஆயிற்றே என்றால், அதனால்தான் ‘பார்த்து’ என்னாமல் ‘அறிந்து’ என்கிறேன். 950-ஆம் குறள் மருந்தின் நான்கு கூறுகளைச் சொல்லும்போது ‘உற்றவன்’ என்று நோயுற்றவனை முதலில் வைக்கிறது. மருந்தோடு அருகில் இருந்து செய்பவரை ‘உழைச்செல்வான்’ என்கிறது. உழை என்றால் பக்கம். இப்படிச் சொல் செய்த மொழியில் ‘மையப்படுத்தப்பட்ட’ என்று எழுத எப்படி மனம் வருகிறது?

மொழிபெயர்ப்பாளர்கள் வார்டுக்குள் ஒரு முறை போய்வர வேண்டும். பக்கவாதத்தில் வலது கை விழுந்த பெரியவருக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிவிட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். “இடது கையால முடியுதான்னு பாருங்கய்யா” என்று தட்டை இடப்பக்கம் நகர்த்தி, கரண்டியைக் கொடுத்து, சிந்துவதைத் துடைத்தபடி பக்கத்தில் நின்றால் அரை மணி ஆகும். செவிலியக் கோட்பாட்டாளர் டோரத்தியா ஓரெம் 1971-இல் நூலாக விளக்கிய கோட்பாடு கேட்பது இந்த அரை மணியைத்தான். தன்னால் முடிந்ததை அவரே செய்யட்டும். முடியாததை மட்டும் செவிலியர் செய்யட்டும். இதைப் பாடக்குறிப்புகளில் ‘சுய பராமரிப்புப் பற்றாக்குறைக் கோட்பாடு’ என்று எழுதுகிறார்கள். பற்றாக்குறை பட்ஜெட்டுக்கும் குடிநீருக்கும் வரலாம். அந்தப் பெரியவருக்கு இருப்பது தன்னைப் பேணிக்கொள்ள இயலாமை. ‘தற்பேணல் இயலாமைக் கோட்பாடு’ என்று எழுதினால் முதலாண்டு மாணவிக்கும் புரியும், அவர் யாருக்குக் கரண்டி கொடுக்கிறாரோ அவருக்கும் புரியும்.