பால் ஊற்றும் பெண் ஏன் மஞ்சளானாள்?

ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் அருங்காட்சியகத்தில் உள்ள, 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் ‘பால் ஊற்றும் பெண்’ ஓவியத்தை இணையத்தில் தேடினால், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பிரதிகள் வந்து குவியும். ஒன்றில் அவள் ஏப்ரன் பளிச்சென்ற நீலம், இன்னொன்றில் மங்கிய பச்சை. சுவரோ தேநீர்க் கறை பட்டதுபோல் இருக்கும். பெரும்பாலும் மஞ்சளடித்த பிரதிகளாக 10,000-க்கு மேல் இருப்பதை அருங்காட்சியகமே ஒருமுறை கண்டறிந்தது. அவற்றையே பார்த்துப் பழகியவர்கள், அங்குள்ள கடையில் விற்ற சரியான நிற அஞ்சலட்டையை அசலின் படம் என்று நம்ப மறுத்தார்கள். நல்ல படத்தைத் தானே இலவசமாக வெளியிடுவதுதான் வழி என்று அருங்காட்சியகம் முடிவெடுத்தது.

மஞ்சள் பெரும்பாலும் விளக்கிலிருந்து வருகிறது. ஒளி எவ்வளவு மஞ்சள், எவ்வளவு நீலம் என்பதைச் சொல்லும் அளவு நிறவெப்பநிலை; எண் குறைந்தால் மஞ்சள் கூடும். படமெடுக்கும் டங்ஸ்டன் பல்புக்கு அது சுமார் 3200 கெல்வின். பகலொளிக்கு 5500-ஐ ஒட்டி. கேமராவைப் பகலொளிக்கு வைத்துவிட்டு பல்பு வெளிச்சத்தில் எடுத்தால் சிவப்பும் மஞ்சளும் தூக்கலாகும், நீலம் அமுங்கும். இங்கே அடி வாங்குவது ஏப்ரன்தான். அதிலிருப்பது லாபிஸ் லாசுலி கல்லிலிருந்து எடுத்த அல்ட்ராமரீன் என்ற நீல நிறமி. மேல்சட்டை ஏற்கெனவே ஈய-வெள்ளீய மஞ்சள் என்ற நிறமியால் ஆனது என்பதால் அங்கே கோளாறு கண்ணில் படாது. பழைய புத்தகத்திலிருந்து ஸ்கேன் செய்தால் தாளின் பழுப்பும் கூடவே வரும்.

ஆனால் எல்லா மஞ்சளும் பொய்யில்லை. இயற்கைப் பிசின் வார்னிஷ் பல பத்தாண்டுகளில் ஆக்சிஜனேற்றத்தால் உண்மையிலேயே மஞ்சளாகும். அப்படிப்பட்ட ஓவியத்தின் படத்தை மென்பொருள் தானாக நிறம் திருத்தும் ‘ஆட்டோ கலர்’ கொடுத்து வெளுப்பது திருத்தமல்ல, கற்பனை.

முறையாகப் படமெடுக்க இருபுறமும் 45 டிகிரியில் விளக்குகள் வேண்டும். விளக்குகளில், ஒளியை ஒரே திசையில் அதிரும்படி வடிகட்டும் போலரைசிங் தாள், லென்ஸில் அதற்கு 90 டிகிரி திருப்பிய ஃபில்டர். வார்னிஷின் பளபளப்பு அடங்கிவிடும். கூடவே 24 கட்டங்கள் கொண்ட நிற அட்டையையும் படமெடுத்து, அதை வைத்துக் கலர் ப்ரொஃபைல், அதாவது கோப்பிலுள்ள எண்கள் எந்த நிறத்தைக் குறிக்கின்றன என்று சொல்லும் குறிப்பு, உருவாக்குவார்கள். இதிலும் ஒரு நஷ்டம் உண்டு. ஓவியத்தில் மேசைமேலுள்ள ரொட்டியின் மேல் வெர்மீர் வைத்த வெளிர் புள்ளிகள் லேசாகப் புடைத்து நிற்பவை. பளபளப்பை முழுக்க வெட்டினால் அவை தட்டையாகத் தெரியும், கறுப்பும் கூடுதலாக ஆழும்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த நிறம் பகிரும்போது கெடுவதும் உண்டு. அகன்ற நிற வரம்புள்ள அடோபி ஆர்ஜிபி கோப்பிலிருந்து ப்ரொஃபைலை ஏதாவதொரு தளம் உருவிவிட்டால், பிரவுசர் அதை இணையத்தின் வழக்கமான, குறுகிய வரம்புள்ள எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும். நிறங்கள் சோகை பிடித்துப்போகும். எனவே பதிவேற்றும் முன்பே எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிடுங்கள். ஃபோட்டோஷாப்பில் அதற்கு ‘கன்வர்ட் டு ப்ரொஃபைல்’ கட்டளைதான் சரி. ‘அசைன்’ கொடுத்தால் பிக்சல்களின் நிற எண்கள் அப்படியே இருக்க, ப்ரொஃபைல் என்ற பெயர்ச்சீட்டு மட்டும் மாறும்.

ஜேபெக் என்ற கோப்பு வடிவம் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. பல தளங்களில் நான்கு பிக்சலுக்கு ஒரே நிறத் தகவல்தான் மிஞ்சும். திருத்தித் திருத்திச் சேமித்தால் வண்ணப்பூச்சின் மெல்லிய வெடிப்புகள் முதலில் குழம்பும். வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் கோப்பு மாறாது.

படக்கோப்பைத் தரவிறக்கும்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓவியத்தின் அளவு 45.5 × 41 செ.மீ. உயரத்தை அகலத்தால் வகுத்தால் ஏறக்குறைய 1.11, சட்டமில்லாத படத்தில் இது வராவிட்டால் யாரோ ஓரத்தை வெட்டியிருக்கலாம். அசல் அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அச்சுக்குச் சுமார் 5370 × 4840 பிக்சல் தேவை. பிக்சல் அதிகம் என்பதற்காக நிறமும் சரியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். மஞ்சளைக்கூட நூறு மெகாபிக்சலில் எடுக்கலாம்.

படத்தைக் குறைசொல்லும் முன் கைபேசியில் நிறங்களைத் தூக்கலாக்கும் ‘விவிட்’ திரை அமைப்பையும் இரவுநேர நீல ஒளி வடிகட்டியையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். பின்னது திரையிலுள்ள நீலத்தைத்தான் குறைக்கிறது.