வேவ் ஆக்கினால் போன ஒலி திரும்பாது

போன வாரம் வெள்ளவத்தையில் உள்ள என் ஸ்டூடியோவுக்கு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். அவரே எழுதி மெட்டமைத்த எட்டு முருகன் பாடல்கள், பாடியது மகள். ஆடிவேலுக்கு முன் ஆயிரம் இறுவட்டு அடித்துவிட வேண்டும், வெளியீட்டுக்கு மண்டபமும் எடுத்தாயிற்று. மாஸ்டரிங், அதாவது அச்சுக்குப் போகுமுன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்யும் வேலை, மட்டும்தான் மீதி.

பென் டிரைவைப் போட்டு முதல் பாட்டை ஓடவிட்டேன். கணீரென்று விழவேண்டிய தாளம் தண்ணீருக்குள் தட்டியதுபோல் குழைந்து கேட்டது. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரத்தைத் திறந்தால், 16 கிலோஹேர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் ஒரு கோடு. அதற்கு மேலே வெறும் கறுப்பு.

“அம்மா, இது எம்பி3யில் இருந்து மாற்றினது.”

“இல்லையே தம்பி, நீங்கள் கேட்ட மாதிரி வேவ்தான். பதிஞ்ச பெடியன் மாத்தித் தந்தவன்.”

மாத்தித் தந்தவன். இந்த வருடம் இதைக் கேட்பது நாலாவது தடவை. இனியும் ஒவ்வொருவராக உட்காரவைத்துச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

வேவ் என்பது பதிந்த ஒலியைக் குறைக்காமல் வைத்திருக்கும் கோப்பு. அதைச் சின்னதாக்க எம்பி3 செய்யும்போது கணினி ஒலியின் ஒரு பகுதியை எறிந்துவிடுகிறது. ஒளித்து வைப்பதில்லை, சுருட்டி மடிப்பதில்லை, எறிகிறது. ஐந்து நிமிடப் பாட்டு சிடி தரத்தில் 50 மெகாபைட்டைத் தாண்டும். நொடிக்கு 128 கிலோபிட்டில் எம்பி3 ஆக்கினால் 5 மெகாபைட் அளவில் நிற்கும். அதைத் திரும்ப வேவ் ஆக்கினால் கோப்பு மறுபடி 50க்கு ஊதும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். பால் பிழிந்த தேங்காய்ப்பூவுக்குள் ஒரு சட்டி தண்ணீர் ஊற்றினால் சட்டி நிறையும், முதற்பால் வருமா? 320இல் செய்ததும் அப்படித்தான், இழப்பு குறைவு, அவ்வளவுதான். பெயருக்குப் பின்னால் வேவ் என்று இருப்பதால் அது மூலப்பதிவு ஆகிவிடாது. கோப்பு எங்கிருந்து பிறந்தது என்பதுதான் கேள்வி.

1980இல் பிலிப்ஸும் சோனியும் வகுத்த தரம்தான் இன்றும் சிடிக்கு: நொடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து (44.1 கிலோஹேர்ட்ஸ்), ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதுவது. அதில் பாதி, 22 கிலோஹேர்ட்ஸ் வரை அந்தத் தட்டு தாங்கும். அவ்வளவு இடத்தை வாங்கிவிட்டு 16க்கு மேலே உள்ள நாலில் ஒரு பங்கை வெறுமையாக விடலாமா?

சரி, குரலையும் வாத்தியங்களையும் சேர்த்து மிக்ஸ் செய்த மூலம் எங்கே என்று கேட்டேன். கணினியில் இடம் போதவில்லை என்று பெடியன் அழித்துவிட்டானாம். அவனைத் திட்ட மனம் வரவில்லை, யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன்: கடைசிக் காசைக் கொடுக்கும் அன்றே 24 பிட் மிக்ஸையும் தனித்தனிப் பதிவுகள் அடங்கிய முழு புரொஜெக்டையும் உங்கள் சொந்த ஹார்ட் டிரைவில் வாங்கிவிடுங்கள். இரண்டு பிரதி, இரண்டு வீட்டில். மாஸ்டரிங்குக்குத் தரும் மிக்ஸைச் சத்தம் கூட்டி நசுக்கிக் கொண்டுவராதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த பாட்டைக் கொண்டு வரவே வராதீர்கள்.

அப்புறம், அடிப்பவர்களிடம் “பிரஸ் பண்ணுகிறீர்களா, பேர்ன் பண்ணுகிறீர்களா?” என்று நேராகக் கேளுங்கள். பிரஸ் என்பது அச்சு வைத்துத் தட்டை வார்ப்பது, பேர்ன் என்பது வெற்றுத் தட்டில் ஒவ்வொன்றாக எழுதுவது. நூறு தட்டுக்கு பேர்ன் பண்ணுவதே சரி, அதில் குறையில்லை. ஆயிரத்துக்கு பிரஸ் விலை கொடுத்துவிட்டு பேர்ன் பண்ணியதை வாங்காதீர்கள். தட்டைத் திருப்பிப் பாருங்கள்: பிரஸ் பண்ணியது வெள்ளிபோல் இருக்கும், பேர்ன் பண்ணியதில் பெரும்பாலும் பச்சையோ நீலமோ தெரியும். அந்தச் சாயத்துக்கு வெயில் ஆகாது. கொழும்பு வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அட்டைக்கும் ஒரு வார்த்தை. பாமினி எழுத்துருவில் தட்டியதைக் கேர்வ் ஆக்காமல், அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றாமல், அச்சகத்துக்கு அனுப்பாதீர்கள். அங்கே அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ‘முருகன்’ இருக்கவேண்டிய இடத்தில் நாலு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும் நிற்கும். அப்படி அச்சாகி வந்த அட்டைக் கட்டு ஒன்றை என் கையால் பிரித்திருக்கிறேன். சினிமா மெட்டுக்குப் பக்தி வரி போட்டவர்கள் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கோயிலுக்குத்தானே என்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்கு முன் பதிலாகாது.

மாஸ்டர் வந்ததும் ஒரே ஒரு தட்டு எழுதி வாங்கி, வீட்டு ரேடியோவிலும் காரிலும் முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள். பாட்டுக்குப் பாட்டு இடைவெளி, வரிசை, சத்தம் மூன்றையும் பாருங்கள். அச்சு உருவான பிறகு ஒரு நொடியைக்கூட மாற்ற முடியாது. தயவுசெய்து அதற்குப் பிறகு மண்டபம் எடுங்கள்.

அந்த அம்மா திகதியைத் தள்ளிவிட்டார். மகள் வருகிற சனிக்கிழமை வருகிறாள், எட்டுப் பாட்டையும் மறுபடி பாட.