மியாட்டாவின் டைமிங் பெல்ட்: வீட்டில் மாற்றும்போது உள்ளே என்ன நடக்கிறது?

பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதே அதிகம். மாஸ்டா எம்எக்ஸ்-5 காரையே எடுத்துக்கொள்வோம். 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான இந்த இரண்டு இருக்கைக் கார் அமெரிக்கர்களுக்கு மியாட்டா. 1997 வரை வந்த முதல் தலைமுறை வண்டிகளில் டைமிங் பெல்ட்டை 60,000 மைலுக்கு, அதாவது சுமார் 96,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் காருக்கு அந்தத் தூரம் சேர இருபது வருடம்கூட ஆகலாம். ரப்பர் அதுவரை பொறுக்காது. சூடு, ஓசோன், கசியும் ஆயில் என்று மூன்றும் சேர்ந்து அதை மெல்ல மெல்ல இறுக வைக்கும், விரிசல் விட வைக்கும்.

அந்த பெல்ட்டின் வேலை என்ன? பிஸ்டன்கள் சுழற்றுவது கீழே இருக்கும் கிராங்க் ஷாஃப்ட்டை. காற்றை உள்ளே விட்டு புகையை வெளியே விடும் வால்வுகளைத் திறப்பவை மேலே இருக்கும் கேம் ஷாஃப்ட்டுகள், மியாட்டாவில் இரண்டு. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்றுதான் சுற்ற வேண்டும். அதனால் கேமின் புல்லியில் (பெல்ட் ஓடும் சக்கரம்) கிராங்க் புல்லியைப் போல இரண்டு மடங்கு பற்கள் இருக்கும். எஞ்சின் 6,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. இந்த ஒழுங்கு முழுவதும் ஒரு ரப்பர் பட்டையின் பற்களை நம்பி நடக்கிறது.

வெறும் ரப்பர் என்றால் இழுபட்டு நீண்டுவிடும். இழுவையைத் தாங்குவது உள்ளே ஓடும் கண்ணாடி இழைக் கயிறுகள். பற்களின் மேல் தேய்மானத்துக்காக நைலான் துணி ஒட்டியிருக்கும். கண்ணாடி இழை நீளாது, ஆனால் மடித்தால் உள்ளேயே ஒடியும், வெளியே தெரியாது. புது பெல்ட்டை மடித்துப் பார்ப்பதும் உள்வெளியாகத் திருப்புவதும் கூடாது என்று மெக்கானிக்குகள் திட்டுவது இதனால்தான். சங்கிலி இருக்க ரப்பர் எதற்கு என்றால், சத்தம் குறைவு, எடை குறைவு, ஆயில் போட வேண்டாம். ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் 1960களின் தொடக்கத்திலேயே 1004 என்ற காரில் இதைச் செய்துகாட்டியது.

பெல்ட் அறுந்தால் என்ன ஆகும் என்பது எஞ்சினைப் பொறுத்தது. போர்ஷே 944-இல் அறுந்தால் திறந்து நிற்கும் வால்வை மேலே வரும் பிஸ்டன் இடித்து வளைத்துவிடும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும். மியாட்டாவின் 1.6 லிட்டர் எஞ்சினில் வால்வு முழுதாகத் திறந்திருந்தாலும் பிஸ்டன் அதைத் தொடாது. கார் நடுவழியில் நிற்கும், அவ்வளவுதான். வீட்டில் முதன்முதலாக இந்த வேலையில் இறங்குபவருக்கு இதைவிட நல்ல கார் கிடைப்பது கஷ்டம். ஃபெராரி எஃப்355-இல் இதற்காக எஞ்சினையே வெளியே இறக்குவார்கள்!

சரி, வேலைக்கு வருவோம். எஞ்சின் நீளவாக்கில் இருப்பதால் பெல்ட் ரேடியேட்டரைப் பார்த்தபடி முன்னால் இருக்கிறது. கூலன்ட்டை வடித்து, ஹோஸ்களையும் காற்றுக் குழாயையும் கழற்றி, வெளிப்புற பெல்ட்டுகள், வாட்டர் பம்ப் புல்லி, வால்வு கவர், பிளாஸ்டிக் கவர்கள் என்று வரிசையாக எடுக்க வேண்டும். வாட்டர் பம்ப்பைச் சுற்றுவது ஆல்டர்னேட்டர் பெல்ட்தான் என்றாலும், அது உட்கார்ந்திருக்கும் இடம் டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால். ஆகவே பம்ப்பையும், கேம், கிராங்க் ஆயில் சீல்களையும் இப்போதே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். சீல் கசிந்து புது பெல்ட்டில் ஆயில் பட்டால் செய்த வேலையெல்லாம் வீண். ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டால் எஞ்சின் கையால் சுலபமாகத் திரும்பும்.

கேம் புல்லிகளில் ஆங்கில ஐ, இ எழுத்துகள் பொறித்திருக்கும்: இன்டேக், எக்ஸாஸ்ட். அந்தந்த எழுத்து மேலே வந்து பின்தகட்டின் குறியோடு நேராக நிற்க வேண்டும். இரண்டு குறிகளுக்கும் நடுவே 19 பெல்ட் பற்கள். ஒரு பல் தள்ளிப் போட்டாலும் கிராங்க் கணக்கில் பத்து டிகிரிக்கு மேல் பிசகிவிடும். எஞ்சின் ஓடும், ஆனால் இழுவை இருக்காது.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பெல்ட்டை மாட்டியதும் கிராங்க்கைக் கடிகார திசையில் சரியாக ஒன்றே ஆறில் ஐந்து பங்கு சுற்று திருப்பு, அங்கே டென்ஷனரின் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை) போல்ட்டைத் தளர்த்து என்கிறது மாஸ்டாவின் கையேடு. இரண்டு சுற்று என்று முழுசாகச் சொல்லியிருக்கலாமே? காரணம் வால்வு ஸ்பிரிங்குகள். கேம் ஒரு வால்வை அழுத்தித் திறக்கும்போது ஸ்பிரிங் அதைத் தடுக்கிறது; கேமின் முனை தாண்டியதும் அதே ஸ்பிரிங் கேமை முன்னால் தள்ளுகிறது. எனவே பெல்ட்டின் எந்தப் பக்கம் இறுகும், எந்தப் பக்கம் தளரும் என்பது கிராங்க் நிற்கும் கோணத்துக்குத் தகுந்தபடி மாறும். கண்ட கோணத்தில் டென்ஷன் வைத்தால், பெல்ட்டோடு சேர்த்து வால்வு ஸ்பிரிங்கின் தள்ளலையும் அளந்துவிடுவோம்.

குறித்த கோணத்தில் போல்ட்டைத் தளர்த்தியதும் டென்ஷனரின் சிறு ஸ்பிரிங் தானாக அளவான இழுவையைக் கொடுக்கும். கையால் நெம்பக் கூடாது. போல்ட்டை இறுக்கியதோடு அந்த ஸ்பிரிங்கின் வேலை முடிந்தது. அடுத்த 60,000 மைலுக்கு அதே அளவுதான். பிறகு இரண்டே ஆறில் ஒரு பங்கு சுற்று. கூட்டிப் பாருங்கள், கிராங்க்குக்கு மொத்தம் நான்கு சுற்று, கேமுக்கு இரண்டு. எல்லாக் குறிகளும் புறப்பட்ட இடத்துக்கே வந்திருக்க வேண்டும். வராவிட்டால் பெல்ட்டைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டியதுதான்.

1990, 1991 தொடக்கத்து வண்டி வைத்திருப்பவர்கள் கிராங்க்கின் நடு போல்ட் விஷயத்தில் உஷாராக இருக்க வேண்டும். அவற்றில் கிராங்க்கின் மூக்கு, அதாவது முன்முனை, குட்டையானது. போல்ட் சரியாக இறுகாவிட்டால் புல்லியைப் பிடித்திருக்கும் சிறு சாவித்துண்டு ஆடி ஆடி கிராங்க்கில் உள்ள பள்ளத்தையே அகலமாக்கிவிடும். அப்புறம் பெல்ட் என்னதான் சரியாக இருந்தாலும் டைமிங் நழுவிக்கொண்டே போகும். கிராங்க் சீலுக்காக அந்த போல்ட்டைக் கழற்றினால், திரும்ப மாட்டும்போது டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுகுகிறது என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் தொட வேண்டாம்.

எல்லாவற்றையும் மூடி கூலன்ட்டை நிரப்பியபின், எஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உள்ளே சிக்கிய காற்று குமிழ் குமிழாக வெளியேறும். கூலன்ட் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருங்கள்.