சல்லடை: தேடாமல் கண்டெடுக்கும் சொல்

‘சல்லடை போட்டுத் தேடினார்கள்’ என்று செய்தித்தாளில் படித்தால், ஓர் இடம் விடாமல் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பவர்கள்தான் கண்முன் வருகிறார்கள். மரபுத்தொடராக அது நிலைத்துவிட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1ஆலும் தம்மாலும் மட்டுமே வகுபடும் பகா எண்களைக் கண்டெடுக்கக் கணினி நிரல் எழுத உட்காருகிறவருக்கு அந்தத் தொடர் ஒரு பொறி. உண்மையான சல்லடை எதையும் தேடுவதில்லை. மாவு சலிக்கிறவர் எந்தத் துகளையும் எடுத்து அளந்து பார்ப்பதில்லை. ஆட்டுகிறார், விழ வேண்டியது விழுகிறது, நிற்க வேண்டியது நிற்கிறது.

சல்லடையின் தொழிலைச் சொல்லும் வினை ‘சலி’. தெலுங்கில் இதே கருவி ஜல்லெட, கன்னடத்தில் ஜரடி. தமிழில் ‘சலித்தல்’ என்பதற்கு அலுத்துப்போதல் என்ற பொருளும் உண்டு. மெதுவாக ஓடும் நிரலை முன்னால் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டு பொருளும் அக்கம்பக்கத்தில் இருப்பதன் பொருத்தம் புரியும். சல்லடையின் துளைக்குக் ‘கண்’ என்று பெயர். கண்ணுக்குள் நுழையாமல் மேலே தங்கும் பருமனான துகள்கள் ‘கப்பி’.

பிரித்தெடுக்கும் வேலைக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. கனத்தையும் லேசையும் காற்றில் பிரித்தால் தூற்றுதல். நீரில் அலசிக் கல்லை ஒதுக்கினால் அரித்தல். நீர்மத்திலிருந்து திடத்தை ஒதுக்கினால் வடிகட்டல். துளையின் அளவைக் கொண்டு பிரித்தால் சலித்தல். கடைசி மாணாக்கருக்கு நன்னூல் சொல்லும் உவமைகளில் ஒன்று நெய்யரி. நெய்யை ஒழுகவிட்டு அழுக்கை வைத்துக்கொள்ளும் வடிகட்டி அது. எண்களின் சல்லடை இதற்கு நேர் எதிர். வேண்டாதது கண் வழியே போய்விடும்; மேலே தங்கும் கப்பிதான் நமக்கு வேண்டிய பகா எண்.

இந்த உருவகம் நமக்குக் கிரேக்கத்திலிருந்து வந்தது. சல்லடைக்கு அங்கே ‘கோஸ்கினோன்’ என்று பெயர். கி.மு. 276 அளவில் வட ஆப்பிரிக்காவின் சிரீனில் பிறந்து, அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்த கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ்தான் பகா எண்களைச் சலித்தெடுக்கும் முறைக்கு உரியவர். பூமியின் சுற்றளவை நிழலை வைத்துக் கணக்கிட்டவரும் அவரே. சல்லடை பற்றி அவர் எழுதியது நமக்குக் கிடைக்கவில்லை. கி.பி. 100 அளவில் எண்கணித அறிமுகம் எழுதிய நிக்கோமக்கஸ் அதை விவரித்து, எரட்டோஸ்தனிஸ் பெயரையும் குறிப்பிட்டதால் தப்பிப் பிழைத்தது. லத்தீனில் அது கிரிப்ரும் ஆயிற்று. ஆங்கிலத்தில் பழைய ‘சிஃபே’யிலிருந்து வந்த ‘சீவ்’ என்ற சொல் ஏற்கெனவே இருந்தது. 1772இல் சாமுவேல் ஹார்ஸ்லி லண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் இதைப் பற்றி எழுதியபோது, தலைப்பில் கிரேக்கச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்தே வைத்தார்.

முதன்முதலாக நிரல் எழுதுகிறவர் பெரும்பாலும் சல்லடையிடம் போவதில்லை. ‘பகா எண்’ என்ற பெயரே அவரை வேறு பக்கம் இழுத்துவிடுகிறது. பகாதது என்றால் பகுத்துப் பார்த்துவிட வேண்டியதுதானே? நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒவ்வோர் எண்ணையும் 2, 3, 4 என்று அதற்கு முந்தைய எண் வரை வகுத்துப் பார். மீதி வராமல் போனால் தள்ளு. கடைசி வரை தாக்குப்பிடித்தால் பகா எண். ஒரு லட்சம் வரை பகா எண்கள் 9,592. பகு எண்கள் சீக்கிரமே பிடிபட்டுவிடும், செலவு வைப்பவை பகா எண்கள்தான். அவற்றுக்கு மட்டும் இந்த முறையில் 45 கோடிக்கு மேல் வகுத்தல் ஆகிறது.

முதல் சீர்திருத்தம் எல்லாருக்கும் தெரிந்தது: வர்க்கமூலத்தோடு நின்றுவிடுவது. ஒரு பகு எண்ணை இரண்டு காரணிகளின் பெருக்கலாக எழுதினால், இரண்டும் ஒருசேர வர்க்கமூலத்தைத் தாண்ட முடியாது, ஒன்றாவது அதற்குள் அடங்கிவிடும். ஒரு லட்சத்தின் வர்க்கமூலம் 316 சொச்சம். அதற்குமேல் வகுப்பது வீண் வேலை. இந்த ஒரு மாற்றத்தில் 45 கோடி, சுமார் 19 லட்சமாகச் சுருங்குகிறது. பலர் இங்கேயே மகிழ்ந்து நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இன்னமும் நடப்பது வகுத்துப் பார்த்தல்தான், சலித்தல் தொடங்கவேயில்லை.

சலித்தல் கேள்வியைத் திருப்பிப் போடுகிறது. ‘இந்த எண்ணை எது வகுக்கும்’ என்பதை விட்டுவிட்டு, ‘இந்தப் பகா எண் எங்கெல்லாம் போய் விழும்’ என்று கேட்கிறது. 2 முதல் 100 வரை ஒரு வரிசை. 2ஐ வைத்துக்கொண்டு 4, 6, 8 என்று இரண்டிரண்டாகத் தாவி அடித்துவிடு. அடுத்து அடிபடாமல் நிற்பது 3, மும்மூன்றாகத் தாவு. பிறகு 5, பிறகு 7. அதோடு வேலை முடிந்தது, மிஞ்சியவை 25 பகா எண்கள். வகுத்தல் ஓரிடத்திலும் இல்லை. தாவுவது என்பது வெறும் கூட்டல்.

நுணுக்கம் ஒன்று: 7இன் மடங்குகளை 14இலிருந்து அடிக்க வேண்டியதில்லை. 14, 28, 42 எல்லாம் 2 அடித்துவிட்டுப் போனவை. 21ஐ 3 அடித்தது, 35ஐ 5 அடித்தது. 7க்கென்று மிச்சம் வைக்கப்பட்ட முதல் எண் 49. நூறுக்குள் 7 புதிதாக அடிப்பவை 49, 77, 91 ஆகிய மூன்றே. ஆகவே எந்தப் பகா எண்ணும் தன் வர்க்கத்திலிருந்து தொடங்கினால் போதும். இப்படிச் செய்தால் ஒரு லட்சம் வரைக்கும் மொத்த அடிகள் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. இரட்டைப்படை எண்களை வரிசையிலேயே சேர்க்காவிட்டால் அது சுமார் 70 ஆயிரமாகிறது. இந்தச் சிக்கனத்தை இக்கால நிரலாளர்களின் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். நிக்கோமக்கஸ் விவரிக்கும் சல்லடையே 3இல் தொடங்கும் ஒற்றைப்படை வரிசைதான்.

பெயர் மட்டும் சல்லடையாக இருந்து, உள்ளே வேறொன்று நடப்பதும் உண்டு. ஹாஸ்கெல் போன்ற சார்பு நிரல் மொழிகளின் அறிமுகங்களில் இரண்டே வரியில் ஒரு ‘சல்லடை’ வெகுகாலம் வலம் வந்தது. முதல் எண்ணை எடுத்துக்கொள், மீதமுள்ளவற்றில் அதனால் வகுபடுபவற்றை வடிகட்டு, மிஞ்சியதற்கும் அதையே செய். படிக்க அத்தனை அழகு. 2009இல் மெலிசா ஓநீல் என்ற கணினியியலாளர் ஓர் ஆய்வுக்கட்டுரையில் அதன் வேடத்தைக் கலைத்தார். அது வேடமிட்ட வகுத்துப் பார்த்தல். அதிலும் மோசமான வகை. வர்க்கமூலத்தோடு நிற்காமல், ஒவ்வொரு பகா எண்ணையும் அதற்கு முந்தைய எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்கிறது. ஒரு லட்சம் வரை போனால் பகா எண்களுக்கு மட்டுமே நான்கரைக் கோடிக்கு மேல் வகுத்தல். செய்தித்தாள் சல்லடை என்று இதைச் சொல்லலாம். ஒரு நிரல் சல்லடையா இல்லையா என்று அறிய நான் முதலில் தேடுவது வகுத்தல் குறியையோ மீதி காணும் குறியையோதான். திரும்பத் திரும்ப ஓடும் உள் சுழலில் அது தென்பட்டால், நிரலின் பெயரை மாற்றுவது நல்லது.

எண் வரம்பு கோடிகளில் ஏறும்போது தடை வேறு இடத்தில் வருகிறது: நினைவகம். நூறு கோடி வரை எண்ணுக்கு ஒரு பைட் என்று வைத்தால் ஒரு கிகாபைட் வேண்டும். ஒற்றைப்படைக்கு மட்டும் ஒரு பிட் என்று சுருக்கினால் 62.5 மெகாபைட் போதும். அதையும் மொத்தமாக வைத்துக்கொள்ளாமல், செயலிக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான கேஷ் நினைவகத்தில் அடங்கும் அளவுக்குத் துண்டுபோட்டு ஒவ்வொரு துண்டாகச் சலிக்கலாம். நூறு கோடியின் வர்க்கமூலமான 31,622 வரையுள்ள பகா எண்கள் கையில் இருந்தால் நூறு கோடி வரை எந்தத் துண்டையும் சலித்துவிட முடியும். நடைமுறையில் பெரிய வேகத்தைத் தருவது இந்தத் துண்டுச் சல்லடைதான்.

வேறு சல்லடைகளும் உண்டு. 1934இல் எஸ்.பி. சுந்தரம் என்ற இந்திய மாணவர் ஒன்று கண்டார். 1 முதலான முழு எண்களில் i, j என்று எந்த இரண்டை எடுத்தாலும், அவற்றைக் கூட்டி, அவற்றின் பெருக்கலை இரட்டித்துச் சேர்த்தால் வரும் எண்களை எல்லாம் அடித்துவிட வேண்டும். மிஞ்சிய எண்ணை இரட்டித்து ஒன்று கூட்டினால் பகா எண். இரண்டுக்கும் 1 என்று வைத்தால் 4 அடிபடும். அதாவது 9 விலகுகிறது. கேட்க இனிமையானது, ஆனால் செம்மையாக எழுதிய எரட்டோஸ்தனிஸ் சல்லடையை விட வேகமானதில்லை. ஏ.ஓ.எல். அட்கினும் டேனியல் பெர்ன்ஸ்டைனும் 2004இல் வெளியிட்டது கணிதச் செறிவு மிக்கது, அவசரத்துக்கு உதவாது.

இனித் தமிழ்ச் சொல். ‘வடிகட்டி’ வேண்டாம், ஒவ்வோர் உறுப்பையும் சோதித்து விடுகிற சார்புகளுக்கு அது பொருந்தும், அந்தக் குழப்பத்தின் விலையை மேலே பார்த்தோம். ‘அரிப்பு’ தோலுக்குப் போய்விட்டது. சல்லடை என்பதே சரி. வினையாகச் சலித்தல், சலித்தெடுத்தல். பழைய முறைக்கு ‘வகுத்துப் பார்த்தல்’ என்ற எளிய தொடரே போதும். பகா எண் என்பதோ நன்னூலின் பகாப்பதம் போன்ற ஆக்கம்: அங்கே மேலும் பிரிக்க முடியாத சொல், இங்கே மேலும் பிரிக்க முடியாத எண். இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் ‘முதன்மை எண்’ கிரேக்க, லத்தீன் பெயர்களின் நேர்ப்பொருள். யூக்ளிட் ‘முதலான எண்’ என்றே அழைத்தார். வகுபடாமை முதலில் சொல்லப்படுவதால் எனக்குப் பகா எண்ணே பிடித்திருக்கிறது, தொடக்கத்தில் அது என்னை வழிதவறச் செய்தது என்றாலும்.