குறைத்த எடை ஏன் திரும்பி ஏறுகிறது?

கந்தசஷ்டி விரதத்தை ஆறு நாளும் கடுமையாகப் பிடித்துவிட்டுத் தராசில் ஏறினால் இரண்டு, மூன்று கிலோ இறங்கியிருக்கும். பாறணை முடிந்த நாலைந்து நாளில் அதில் பெரும்பங்கு திரும்பிவிடும். மனவுறுதி போதவில்லை என்று பலர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். அது தேவையில்லாத வருத்தம். இறங்கியதில் பாதிக்கும் மேல் தண்ணீர்.

ஈரலும் தசைகளும் மாச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கின்றன. ஒரு வளர்ந்தவரின் உடலில் அது ஏறக்குறைய அரைக் கிலோ. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கும். சோறு நின்றதும் இந்தச் சேமிப்புக் கரைகிறது, தண்ணீரும் சேர்ந்து போகிறது. கொழுப்பின் கணக்கு வேறு. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி செலவழிப்பவர் ஆறு நாள் ஒன்றுமே சாப்பிடாவிட்டாலும் கரையும் கொழுப்பு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோதான்.

கொழுப்பே உண்மையில் குறைந்தபின் உடல் அதை எதிர்க்கத் தொடங்குகிறது. கொழுப்புக் கலங்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹோர்மோன் 1994இல் கண்டுபிடிக்கப்பட்டது. கொழுப்புக் குறைந்தால் லெப்டினும் குறையும், மூளை அதைப் பஞ்சத்தின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு பசியைத் தூண்டும். எவ்வளவு தூண்டும் என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2016இல் கணக்கிட்டார்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடலின் நாளாந்தச் செலவு 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது. பசியோ ஏறக்குறைய 100 கலோரி கூடுகிறது. எட்டுக் கிலோ குறைத்தவருக்குப் பழைய அளவைவிட நாளுக்கு 800 கலோரி கூடுதலாகச் சாப்பிடச் சொல்லிப் பசி நெருக்கும். ஆகவே கவனிக்க வேண்டியது பசியைத்தான். பசியை அடக்காத எந்தப் பத்தியமும் நீண்ட நாள் நிற்பது அரிது.

வயதின் மேல் பழிபோடுவதும் பெரும்பாலும் சரியல்ல. 29 நாடுகளில் 6,400க்கும் மேற்பட்டவர்களின் அளவீடுகளைத் தொகுத்து 2021இல் வெளிவந்த ஆய்வின்படி, உடலின் பருமனைக் கணக்கில் எடுத்தால், 20 வயதிலிருந்து 60 வயது வரை சக்திச் செலவு ஏறக்குறைய மாறுவதே இல்லை. மாறுவது நாம் வாழும் விதம். அம்பாறை, மட்டக்களப்பு வயல்களில் வேளாண்மை வெட்ட மெசின் வந்துவிட்டது, கடைக்குப் போக மோட்டார் சைக்கிள் இருக்கிறது. மத்தியானத் தட்டில் சோறு மட்டும் கையால் கதிர் அறுத்த காலத்து அளவிலேயே இருக்கிறது.

அந்தத் தட்டை ஒருமுறை அளந்து பாருங்கள். தேத்தண்ணிக் கோப்பை நிரம்பச் சோறு ஏறக்குறைய 150 கிராம், 200 கலோரி. வழக்கம்போல் போட்டுக்கொண்டு, சாப்பிடுமுன் கோப்பையால் அளந்தால் நான்கு கோப்பை வருவது அபூர்வமல்ல. அதை இரண்டரையாக்கினால் 300 கலோரி மிஞ்சும். சோற்றை மட்டும் குறைத்துவிட்டு எழுந்தால் பின்னேரம் நாலு மணிக்கு ரோல்ஸும் வடையும் அந்த 300ஐத் திருப்பித் தந்துவிடும். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். எடுத்த சோற்றின் இடத்தை வேறொன்று நிரப்ப வேண்டும். தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி சோறு, கால்வாசி மீன், முட்டை, பருப்பு, கடலை போன்றவை. பொன்னாங்காணி, வல்லாரை, முருங்கையிலை எல்லாம் கலோரி குறைந்தவை, நார் கூடியவை, வயிற்றில் இடம் பிடிப்பவை. புரதம் பசியை நீண்ட நேரம் தள்ளிப்போடும். அதில் வரும் சக்தியில் 20 முதல் 30 வீதம் அதைச் சமிக்கவே செலவாகிறது. 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் புரதம். விலை கூடிய பாரையோ அறக்குளாவோதான் வேண்டும் என்றில்லை, கீரியும் சூடையும் சாளையும் போதும். ஆனால் பொரிக்காமல் புளியாணமாக வையுங்கள், ஏனென்றால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி.

சிவப்பரிசிக்கு மாறினால் மெலியலாம் என்று நம்பிப் பழைய அளவிலேயே சாப்பிடுபவர்கள் ஏமாறுகிறார்கள். நார் கூடுதல், நீரிழிவுக்கும் நல்லது, கலோரி மட்டும் ஏறக்குறைய வெள்ளையரிசியின் அளவுதான். குரக்கன் பிட்டும் அப்படியே.

தேங்காயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நமது சமையலில் கண்ணுக்குத் தெரியாமல் நுழையும் சக்தி அதிலிருந்துதான் வருகிறது. துருவிய தேங்காய் 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரி, 33 கிராம் கொழுப்பு. காலையில் பிட்டுக்குள் தேங்காய்ப்பூ, கூடவே சம்பல், மத்தியானம் இரண்டு பால்கறி, இரவு இடியப்பத்துக்குச் சொதி. ஒவ்வொன்றும் அளவானதாகத்தான் தெரியும், கூட்டினால் பெரிய தொகை. தேங்காயை விட்டுவிடச் சொல்லவில்லை. விட்டால் சாப்பாடு ருசிக்காது, ருசிக்காத சாப்பாட்டில் யாரும் நிலைக்க மாட்டார்கள். ஒரு வேளைக்கு ஒரு தேங்காய்க் கறி, மற்றவை தண்ணிக் குழம்பு அல்லது சுண்டல், சொதிக்கு முதற்பாலை விட்டு இரண்டாம், மூன்றாம் பால் என்று வைத்தால் வீட்டில் பெரிதாக எதிர்ப்பு வராது.

தேத்தண்ணியில் குறைப்பதுதான் எல்லாவற்றிலும் இலகு. நாளுக்கு ஐந்து முறை, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் 50 கிராம், 200 கலோரி. உலக சுகாதார நிறுவனம் சேர்க்கும் சீனியை நாளுக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள் வைத்தால் மேலும் நல்லது என்கிறது. ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒவ்வொரு கோப்பையிலும் அரைத் தேக்கரண்டி குறைத்தால் நாக்குப் பழகிவிடும். சீனிக்குப் பதிலாகத் தேன் விடுவதால் ஆதாயம் இல்லை. ஒரு மேசைக்கரண்டித் தேனில் 60 கலோரி இருக்கிறது. சோடாப் போத்தல்களில் 2016 முதல் நிறக் குறியீடு உண்டு. சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி.

நடையால் மட்டும் எடை அதிகம் குறையாது. 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் ஏறக்குறைய 130, 140 கலோரிதான் செலவாகும். குறைத்த எடையைத் தக்கவைக்க நடை மிக முக்கியம். அமெரிக்காவில் 1994 முதல், எடையைக் குறைத்து மீண்டும் ஏறாமல் வைத்திருப்பவர்களின் பதிவேடு ஒன்று இருக்கிறது. அதிலுள்ளவர்கள் சராசரியாக நாளுக்கு ஒரு மணிநேர அளவு உடலுழைப்புச் செய்கிறார்கள். கிழமைக்கு 150 நிமிடத்தில் தொடங்குங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஏழு மணிக்கே வெயில் சுடும், அதனால் விடியற்காலையில் வாவிக்கரையிலோ கடற்கரையிலோ நடந்துவிடுவது நல்லது. மாரி மழையில் நடை நின்றுபோவது வழக்கம். பலருக்குப் பழக்கம் முறிவதும் அந்த இரண்டு மாதத்தில்தான். அப்போது வீட்டுக்குள் கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழுந்து இருத்தல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று. இதைக் கிழமைக்கு இரண்டு நாள் வருடம் முழுவதும் செய்வது நல்லது, ஏனென்றால் பட்டினி கிடந்து மெலியும்போது கொழுப்புடன் தசையும் போகிறது.

தூக்கத்தையும் விடக்கூடாது. ஆறரை மணிநேரத்துக்குக் குறைவாகத் தூங்கி வந்த பருமனானவர்களை ஒரு மணிநேரத்துக்குச் சற்று மேல் கூடுதலாகத் தூங்கவைத்தபோது, வேறு எதையும் மாற்றாமலே, நாளுக்கு ஏறக்குறைய 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள் என்று 2022இல் ஓர் ஆய்வு காட்டியது.

எவ்வளவு குறைத்தால் போதும்? தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90, பெண்களில் 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் ஆபத்துக் கூடுகிறது. ஆனால் முழுதாக அங்கே வந்து சேரும்வரை பலன் காத்திருப்பதில்லை. 2002இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வில், 7 வீத எடைக் குறைப்பை இலக்காக வைத்துக் கிழமைக்கு 150 நிமிடம் உடலுழைப்பும் செய்தவர்களில் நீரிழிவு வருவது 58 வீதம் குறைந்தது. 80 கிலோ உள்ளவருக்கு 7 வீதம் என்பது ஐந்தரைக் கிலோ. மாதம் ஒரு கிலோ என்று போனால் ஆறு மாதத்துக்குள் எட்டலாம். தராசில் காலையில், கழிப்பறைக்குப் போனபின், சாப்பிடுமுன் ஏறுங்கள். கிழமைச் சராசரியைப் பாருங்கள். உப்பும் சோறும் மாதவிடாயும் ஒரு நாளுக்குள் ஒரு கிலோவை ஏற்றி இறக்கும், அது கொழுப்பல்ல.

நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்களும் கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் சோற்றைத் திடீரென்று பாதியாக்கக் கூடாது. மருந்து பழைய அளவிலேயே இருக்க இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு அதன் அறிகுறிகள். முதலில் கிளினிக்கில் சொல்லி மருந்தின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் வைத்தியரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. முயற்சி செய்யாமலே எடை இறங்கினால் அதைப் பார்த்துச் சந்தோஷப்படாமல் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.